தோலோடு கிலோ 340 ரூபாய்: மண்டபம் பக்கத்து வீட்டு வளர்ப்புப் பன்றிக்கறி

தோலும் எலும்பும் சேர்த்துக் கிலோ 340 ரூபாய். தலை, கால், ஈரல், குடல் எல்லாம் தனி. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து மன்னார் வளைகுடாப் பக்கமாக இறங்கும் மண் பாதையில், தென்னந்தோப்பைத் தாண்டியதும் பனங்காட்டு ஓரத்தில் அந்த வீடு இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறோ இரண்டு ஞாயிறோதான் வெட்டு. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் கட்டை காலியாகிவிடும்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்த வீட்டில் கறி வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து, கறியை விட விலையைப் பற்றித்தான் அதிகம் பேச்சைக் கேட்டிருக்கிறேன். "பிராய்லர் என்ன விலை, நீ என்ன விலை சொல்கிறாய்?" என்று ஒருவர் கேட்பார். "300 போட்டுக் கொடு, மூன்று கிலோ எடுத்துக்கொள்கிறேன்" என்று இன்னொருவர் நிற்பார். பன்றி வளர்த்துக் கறி விற்கும் அந்த வீட்டு அக்கா யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவருடைய வரவு செலவு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெயரைப் போட வேண்டாம், கணக்கை எழுதிக்கொள் என்றார். ஆகவே இந்த மதிப்புரையில் ருசி கொஞ்சமும் கணக்கு நிறையவும் இருக்கும்.

முதலில் கறி. லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் கலப்பில் வந்த வெண்பன்றி. ஒன்பது மாத வயதில், 90 கிலோவை ஒட்டி வெட்டுகிறார்கள். வெந்நீர் ஊற்றி மயிரை எடுத்துவிட்டுக் காய்ந்த பனையோலையைக் கொளுத்தித் தோலை வாட்டுகிறார்கள். பிறகு மஞ்சளைத் தடவிக் கத்தி முனையால் சுரண்டிக் கழுவுகிறார்கள். ஓலைப் புகை தோலில் ஏறியிருப்பது வேகும்போது தெரியும். நகரத்துக் கடைகளில் தோல் வெள்ளை வெளேரென்று இருக்கும். இங்கே தேன் நிறம். வாயில் போட்டால் சவ்வு மாதிரி இழுக்காது, மெத்தென்று கடிபடும்.

நான் எண்ணெய் ஊற்றுவதில்லை. கொழுப்புத் துண்டுகளை முதலில் சட்டியில் போட்டு உருக விட்டு, அந்த நெய்யிலேயே சின்ன வெங்காயமும் நம் ஊர்க் குண்டு மிளகாயும் வதக்கிக் கறியைப் போடுவேன். கடைசியில் மிளகும் தேங்காய்ப் பல்லும். இரண்டு கிலோ வாங்கி வீட்டில் பிரித்து நிறுத்தபோது எலும்பு 380 கிராம், தோலும் கொழுப்பும் 520 கிராம், சதை 1,100 கிராம் இருந்தது. எலும்பு குழம்புக்குப் போயிற்று. இரண்டு கிலோவில் எறிய வேண்டியது என்று எதுவும் இல்லை.

நான் மற்றக் கடைகளை விட்டுவிட்டு இங்கே வருவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று நாக்கு.

பன்றியை வெட்டியதும் அந்த அக்கா முதலில் செய்கிற வேலை, நாக்கை எடுத்துக் கழுவி, புரட்டி, அடிப்புறம் மேலே தெரியும்படி வைப்பதுதான். வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம், விரலால் தடவியும் பார்க்கலாம். நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் இருந்தால் நாக்கின் அடியில் அரிசி மணி மாதிரி வெள்ளையாகத் தட்டுப்படும். அது உடம்பின் மற்றத் தசைகளிலும் இருக்கும் என்பதற்கு அடையாளம். அப்படிப்பட்ட கறியை அரைவேக்காடாகத் தின்றால் மனிதன் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். நாக்கில் இல்லாவிட்டால் உடம்பில் எங்குமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். அதனால் தொடைக் கறியையும் நெஞ்சையும் குறுக்கே கீறிக் காட்டுகிறார். மனிதக் கழிவைத் தின்ன வழியில்லாமல் கொட்டிலிலேயே வளர்ந்த பன்றிக்கு இந்த நோய் வருவது அரிது. தெருவில் மேயும் பன்றிக்கும் கொட்டில் பன்றிக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். விலை பேசுகிற பலர் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது காரணம், கறியில் மீன் வாடை இல்லாதது.

கடற்கரையில் பன்றி வளர்ப்பவர்களுக்கு மலிவான தீனி மீன்தான். விசைப்படகு வலையில் வரும் பொடிமீனில் நல்லதைப் பிரித்த பிறகு, கோழித்தீவனத்துக்குக் காய வைக்கப் போகிற குப்பை மீன் ஒன்று இருக்கிறது. காரல், சூடை, நசுங்கின நண்டு எல்லாம் கலந்தது. அதை வாங்கி அவித்துத் தவிட்டோடு கலந்து கொடுத்தால் பன்றி கிடுகிடுவென்று ஏறும். ஆனால் அதே மீனைக் கடைசி வரைக்கும் கொடுத்தால் கொழுப்பு இறுகாமல் எண்ணெய் மாதிரி இளகிப்போகும், சமைக்கும்போது வீடு முழுக்கக் கருவாட்டு வாடை வீசும். இப்படிப்பட்ட கறியை இந்தக் கரையில் நான் வேறு இடங்களில் வாங்கியிருக்கிறேன். மூன்று தண்ணீர் கழுவி, காடி ஊற்றி ஊற வைத்தாலும் போகாது.

இந்த அக்கா வெட்டுக்கு ஒரு மாதம் முன்பே மீனை அடியோடு நிறுத்திவிடுகிறார். அந்த ஒரு மாதம் மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு மட்டும். நாளுக்கு மூன்று கிலோ. கிலோ சராசரி 25 ரூபாய் என்று வைத்தால் ஒரு பன்றிக்கு 2,250 ரூபாய். கறியில் வாடை வராமல் இருப்பதற்கு மட்டும் கிலோவுக்கு 36 ரூபாய் செலவழிக்கிறார். "மீனையே போட்டிருந்தால் இந்தக் காசு மிஞ்சியிருக்குமே அக்கா?" என்று கேட்டேன். "மிஞ்சும் தாயி, ஆனால் அடுத்த தடவை யார் வருவார்கள்?" என்றார்.

இனி முழுக் கணக்கு. இரண்டு தாய்ப்பன்றி, வெட்டுக்கு வளர்வது பன்னிரண்டு. பால் மறந்த இரண்டு மாதக் குட்டியின் விலை 4,000 ரூபாய். சொந்தத் தாய் ஈன்ற குட்டிதான் என்றாலும், அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு விற்றால் அந்த விலை கிடைக்கும். ஆகவே அதைச் செலவில் வைக்க வேண்டும். நம் ஊரில் பலர் முதல் தப்பை இங்கேதான் செய்கிறார்கள். வீட்டுக் குட்டி சும்மா வந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தாய்ப்பன்றியை 114 நாள் சினையிலும் அதற்குப் பிறகு இரண்டு மாதம் பாலிலும் வைத்துத் தீனி போட்டது யார்?

அடுத்த ஆறு மாதம் தவிடு நாளுக்கு ஒரு கிலோ, 18 ரூபாய் வீதம் 3,240 ரூபாய். மேலே சொன்ன மீனுக்கு இந்தக் கணக்கில் தனிச் செலவு எழுதவில்லை; மற்றத் தீனி ராமேஸ்வரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம். யாத்திரை ஊர் என்பதால் பெரும்பாலும் சைவக் கடைகள்; சோறு, சாம்பார், காய்கறித் தோல்தான் வரும். இதில் ஒரு நன்மை இருக்கிறது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பன்றிக்கறி கலந்த எச்சில் தீனி வழியாகவும் பரவக்கூடியது. அதற்குத் தடுப்பூசி என்று இங்கே எதுவும் கிடைக்காது. வந்தால் கொட்டிலே காலி. சைவக் கடை மிச்சமாக இருந்தாலும் இவர்கள் கருவேல விறகில் கொதிக்க வைத்து ஆறிய பிறகுதான் ஊற்றுகிறார்கள். ஊறுகாய் கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். உப்பு அதிகமாகி, குடிக்கத் தண்ணீரும் குறைந்தால் பன்றிக்கு வலிப்பு வந்து செத்துவிடும்.

மிச்சம் இலவசம், ஆனால் அதைக் கொண்டுவர பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய் வர வேண்டும். வீட்டுக்காரர் தினமும் மொபட்டில் இரண்டு டிரம் கட்டிக்கொண்டு போகிறார். பெட்ரோல் நாளுக்கு 120 ரூபாய், பன்னிரண்டு பன்றிக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து. ஆறு மாதத்துக்கு 1,800 ரூபாய்.

தண்ணீர். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, கொட்டில் கழுவத்தான் ஆகும். குடிக்க லாரித் தண்ணீர். ஒரு பன்றிக்கு ஏழு மாதத்துக்கு 400 ரூபாய் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் 200.

கடைசி மாதத் தீனியையும் சேர்த்துக் கூட்டினால் ஒரு பன்றிக்குக் கையை விட்டுப் போகும் பணம் 11,890 ரூபாய். இதில் உழைப்பு ஒரு பைசாகூடச் சேரவில்லை.

இப்போது வியாபாரி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் எடை கிலோவுக்கு 140 ரூபாய் என்கிறார். 90 கிலோவுக்கு 12,600. மிஞ்சுவது 710 ரூபாய். கணவனும் மனைவியும் சேர்ந்து நாளுக்கு ஆறு மணி நேரம் கொட்டிலில் நிற்கிறார்கள். ஒரு பன்றிக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் ஏழு மாதத்துக்கு 105 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. இந்த விலையில் விற்றுவிட்டு "ஏதோ மொத்தமாகக் கையில் காசு பார்த்தோம்" என்று சந்தோஷப்படுகிற குடும்பங்கள் இந்தக் கரையில் எத்தனையோ இருக்கின்றன. மொத்தமாக வருகிறது என்பதாலேயே அது லாபம் போலத் தெரிகிறது. நோட்டு எழுதினால் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

உழைப்புக்கு என்ன விலை போடுவது? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-இல் நாள் கூலி 336 ரூபாய். அதையே அளவாக எடுத்துக்கொண்டேன். அதைவிடக் குறைவாக யாருடைய உழைப்பையும் மதிப்பிட எனக்கு உரிமை இல்லை. 105 மணி நேரம் என்பது எட்டு மணி நேர நாளாகப் பதின்மூன்று நாள், 4,368 ரூபாய். போன ஆண்டு வளரும் பருவத்தில் இரண்டு பன்றி செத்துப்போயின. அந்த நஷ்டம் 17,000 ரூபாய். விற்ற பதினெட்டின் மேல் பரப்பினால் தலைக்குச் சுமார் 950. கொட்டில் கூரைக்கு ஓலை மாற்றுவது, சுவர் பூசுவது என்று தலைக்கு 500. எல்லாம் சேர்ந்து 17,708 ரூபாய்.

90 கிலோப் பன்றியில் தலை, கால், குடல் நீங்கலாகக் கிடைக்கும் கறி 63 கிலோ. தலையும் ஈரலும் குடலும் விற்ற பணம் வெட்டுகிறவர் கூலிக்குச் சரியாகிவிடும். ஆக, அடக்க விலை கிலோ 281 ரூபாய். 340-க்கு விற்றால் கிலோவுக்கு 59 ரூபாய் நிற்கிறது. அதில்தான் வராத கடன், ஒன்பதரைக்கு மேல் தங்கிப்போய்க் குறைத்துத் தள்ளிவிடும் நாலைந்து கிலோ, அடுத்த தாய்ப்பன்றி வாங்கச் சேமிப்பு எல்லாம் அடங்க வேண்டும். 300-க்குக் கேட்கிறவர் அந்த அக்காவின் லாபத்தைக் கேட்கவில்லை. வராத கடனையும் தங்கிப்போன கறியின் நஷ்டத்தையும் அவர் தலையிலேயே கட்டுகிறார்.

பிராய்லரோடு ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். பிராய்லர் கோழி நாற்பது நாளில் கடைக்கு வந்துவிடுகிறது. ஒரு கிலோ எடை ஏற இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும். பன்றிக்கு நல்ல அடர்தீவனம் போட்டாலே மூன்றரை, நான்கு கிலோ வேண்டும். ஒன்பது மாதம் வளர்ந்த ஒன்றை நாற்பது நாள் வளர்ந்த ஒன்றின் விலையில் கேட்பது நியாயமா?

உயிரோடு விற்றே ஆக வேண்டிய நேரமும் வரும். மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம். அப்போது ஏமாறாமல் இருக்க அவர்கள் வைத்திருக்கும் கருவி, மகளின் தையல் டேப்பு. இதை நான் நேரில் பார்த்தேன். வியாபாரி ஒருவர் வந்து, கொட்டில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு பன்றியைப் பார்த்து "எழுபத்தைந்து தேறும்" என்றார். இந்தப் பக்கம் உயிர் எடை போடும் தராசு கிடையாது, கண் மதிப்புதான். அந்த அக்கா பதில் பேசாமல் ஒரு கை தவிட்டை வைத்துப் பன்றியை நேராக நிற்க வைத்தார். முன்னங்காலுக்குப் பின்னால் டேப்பைச் சுற்றினார்: 42 அங்குலம். இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வாலின் அடி வரைக்கும் முதுகோடு பிடித்தார்: 44 அங்குலம். மகள் சுவரில் கரியால் கணக்குப் போட்டாள். 42-ஐ 42-ஆல் பெருக்கினால் 1,764. அதை 44-ஆல் பெருக்கினால் 77,616. அதை 400-ஆல் வகுத்தால் 194 பவுண்டு. கிலோவில் 88.

பதின்மூன்று கிலோ வித்தியாசம். 140 ரூபாய் வீதம் 1,820 ரூபாய். 75 கிலோவுக்கு விற்றிருந்தால் 10,500 வந்திருக்கும். கையை விட்டுப் போன பணமே திரும்பியிருக்காது. வியாபாரி சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 85 என்றார். முடிவில் 87 கிலோவுக்குப் பேச்சு முடிந்தது. டேப்புக் கணக்கும் உத்தேசம்தான், இரண்டு மூன்று கிலோ முன்பின் வரும். ஆனால் பேச்சு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை அது மாற்றிவிடுகிறது. பன்றி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு போகும், ஆனால் அதில் குப்பை மீன் அவ்வளவாக வராது. அந்த மீனுக்குப் பதிலாகத் தவிட்டைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பன்றிக்கு நாளுக்குக் கூடுதலாக ஒரு கிலோ என்றாலும் தடைக்காலம் முழுவதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகிறது. கறிக்குக் கிலோ 17 ரூபாய். அதே நேரத்தில்தான் வாங்குகிற குடும்பங்களின் கையிலும் காசு இருக்காது. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதம் அதை வைத்து ஓட்டுகிற வீடுகள்தான் எங்கள் தெரு முழுக்க.

தடைக்காலத்தில் ஏறிய இந்தச் செலவு தடைக்காலத்துக் கறியில் முழுதாகத் தெரியாது. மாசி, பங்குனியில் வளர்ப்புக்கு விட்ட குட்டி புரட்டாசி, ஐப்பசியில்தான் கட்டைக்கு வருகிறது. அதுதான் தடைக்காலத் தவிட்டை முழுக்கத் தின்றிருக்கும். ஆனால் புரட்டாசியில் இந்து வீடுகள் பாதிக்கு மேல் கவிச்சியைத் தொடுவதில்லை. அடக்கம் 298-க்கு ஏறி நிற்கும் மாதத்தில் வாங்க ஆள் குறைவு. அப்போது 300-க்குக் கேட்டால் கிலோவுக்கு இரண்டு ரூபாய்தான் மிச்சம். தவக்காலத்திலும் இப்படித்தான், எங்கள் கிறிஸ்தவ வீடுகள் ஒதுங்கிக்கொள்ளும். பாஸ்கா (ஈஸ்டர்) வந்ததும் ஒரே நாளில் இரண்டு பன்றி போகும்.

அப்படியானால் மாதத்துக்கு மாதம் விலையை மாற்றினால் என்ன? இதை அவரிடம் கேட்டேன். பாஸ்காவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் 400 என்று சொன்னாலும் சனம் வாங்கிக்கொண்டுதான் போகும். அவர் ஒப்பவில்லை. "திருநாளன்று விலையை ஏற்றினால் சனம் வாங்கும். ஆனால் மறுமாதம் நான் 340 என்று சொன்னால் அதையும் நம்பாது" என்றார். ஆண்டு முழுக்க ஒரே விலை என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் தொகையில் எனக்கு உடன்பாடு இல்லை. தடைக்காலச் செலவை ஆண்டு முழுக்கப் பரப்பி 350 என்று வைத்தால்தான் சரி. அந்தப் பத்து ரூபாய் வாங்குகிறவருக்குப் பாரம் இல்லை. அவருக்கோ பதினெட்டுப் பன்றிக்குச் சேர்த்து ஆண்டுக்குப் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் வரும், ஒரு நல்ல தாய்ப்பன்றிக்கு முக்கால்வாசிப் பணமாவது ஆகும். வரும் தை மாதத்திலிருந்து மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறார். இதைப் படிக்கிறவர்கள் போய் வாங்கும்போது விலை 350 என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அரசு உதவி கிடைக்காதா என்று சிலர் கேட்பார்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் இருக்கிறது, அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய். அது 100 தாய்ப்பன்றி, 10 ஆண் பன்றி வைக்கிறவர்களுக்கு; அந்தத் திட்டத்தின் மிகச் சிறிய அளவே 50 தாய்ப்பன்றி, 5 ஆண் பன்றி. இரண்டு தாய்ப்பன்றி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. இவர்களுக்குக் கிடைக்கிற ஒரே ஆதாரம், நாம் கொடுக்கிற விலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தராசு, கையில் தூக்கிப் பிடிக்கும் கொக்கி வகை மின்னணுத் தராசு. எடை சரியாகத்தான் காட்டுகிறது, வீட்டில் வந்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் எடையளவுத் துறையின் முத்திரை இல்லை. இவ்வளவு நேர்மையாக நடத்துகிற ஒருவருக்கு அந்த முத்திரையும் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறு வணிகர் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அதற்கும் எங்கள் குழுவிலிருந்து விண்ணப்பம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஈ மொய்க்கிறது. வெயில் ஏறினால் எட்டு மணிக்கே தொங்கும் கறியைச் சுற்றி ஈ வந்துவிடுகிறது. கொசுவலைத் துணி கட்டினால் போதும், இருநூறு ரூபாய்ச் செலவு. இதை இன்னும் செய்யாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். வெட்டுகிறவர் கோடாலியால் எலும்பை அடிக்கிறார், சிம்பு தெறித்துக் கறியில் கலந்துவிடுகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் வீடுகள் இரண்டு தடவை அலசிப் பார்க்க வேண்டும்.

கலந்து கொடுப்பதைப் பற்றிச் சிலர் குறை சொல்வார்கள். ஒவ்வொரு கிலோவிலும் தொடை கொஞ்சம், நெஞ்சு கொஞ்சம், விலா கொஞ்சம், தோலோடு கொழுப்பு கொஞ்சம் என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்துப் போடுகிறார். தனிச் சதை கேட்டால் கொடுக்க மாட்டார், சொந்தக்காரர் கேட்டாலும் கிடையாது. இது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரே விலை என்றால் ஒரே கலவைதான் இருக்க வேண்டும். முதலில் வந்தவர் சதையை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால், வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிற வலைத் தொழிலாளியின் வீட்டுக்கு எலும்பும் கொழுப்பும் அதே விலையில் போகும்.

பாஸ்காவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் பழையபடி கூறு போடுகிறார். பனையோலைப் பாயில் வரிசையாகக் கூறு, ஒவ்வொன்றும் 500 ரூபாய். போன பாஸ்காவுக்கு நான் எடுத்த கூறு ஒன்றரைக் கிலோ இருந்தது. கிலோ 333 ரூபாய் வீதம் ஆகிறது. திருநாளன்று விலை ஏறவில்லை என்பது மட்டுமில்லை, ஏழு ரூபாய் குறைந்திருக்கிறது. அதில் ஒரு துண்டு ஈரலும் இருந்தது.

கடன் நோட்டு ஒன்று தனியாக இருக்கிறது. தடைக்காலத்தில் எழுதியது ஆடி, ஆவணி வரைக்கும் வசூலாகும். சிலது வசூலாவதே இல்லை. கையில் காசு இருக்கிறவர்கள் கடன் சொல்லாமல் இருப்பதே அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். வெட்டு உண்டா என்பது வெள்ளிக்கிழமை மாலைதான் உறுதியாகும். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கத்து மகளிர் குழுக்களில் கேட்டால் சொல்வார்கள். தலையோ ஈரலோ வேண்டுமானால் சனிக்கிழமைக்குள் சொல்லி வைக்க வேண்டும்; அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. பிளாஸ்டிக் பை கொடுப்பதில்லை, தேக்கிலையில் கட்டித் தருவார். மூடி போட்ட பாத்திரம் கொண்டு போவது நல்லது. பஸ்ஸில் திரும்புகிறவர்கள் அதைத் துணிப் பையில் வைத்து மூடிக் கொண்டு போங்கள். பக்கத்தில் உட்காருகிறவர் கீழக்கரைக்கோ ஏர்வாடிக்கோ போகிற முஸ்லிமாக இருக்கலாம், அவர் மனம் சங்கடப்பட வேண்டாம். செல்பேசியில் பணம் அனுப்பும் வசதி மகளின் எண்ணில் இருக்கிறது, ஆனால் தோப்புக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. சில்லறையாகவே எடுத்துப் போங்கள்.